எந்தப் பக்கம்

மல்லாவிச் சந்தியில் செல்வகாந்தனின் சலூன்.
கழுத்தில் துணி கட்டியாயிற்று.
தொலைக்காட்சி என் முதுகுக்குப் பின்னால்,
ஆட்டம் எனக்குக் கண்ணாடி வழியாகத்தான்.

கண்ணாடியில் வலக்கையன் இடக்கையன் ஆகிறான்.
திரையின் அடியில் ஓடும் பட்டியில்
மிச்சப் பந்து பதினொன்று பதினொன்றாகவே நிற்கிறது,
தேவையான பதினெட்டு மட்டும் எண்பத்தொன்று.
வெல்லும் வாய்ப்பு எட்டு வீதம்;
எட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டு.
மற்ற இலக்கங்கள் முதுகு காட்டி நடக்கின்றன.
அவற்றை விட்டுவிட்டேன்.
எனக்கு மட்டையும், காலடியில் எழும்பும் தூசியும் போதும்.

வாங்கில் நாலு பேர்.
கொண்டக்டர் துரைவீரம் திரைப்பக்கம் திரும்புவதே இல்லை.
பேப்பரை விரித்தபடி
"எத்தினை வேணும்?" என்பார், பந்துக்கு ஒருதரம்.
ஆர் போட்டது, எங்கே குத்தி எழும்பியது, கேட்கமாட்டார்.
வவுனியா மட்டும் ஏறின தலைகளில்
இறங்கின தலைகளைக் கழித்தே பழகின மனுசன்.

டிலக்சன் கையில் போன்,
டிஷ்ஷுக்கு அரை நிமிடம் முந்தி ஓடும் போன்.
வீசப்போகிறவன் இன்னும் பந்தைக் காற்சட்டையில் தேய்க்கிறான்,
"நாலு" என்கிறான் இவன்.
கத்தரிக்கோல் என் காதுக்கு மேலே நின்றுவிடுகிறது.
"வாயை மூடடா. நாங்கள் பாக்க வேணும்."
பிறகு
நடந்து முடிந்த நாலை
இனித்தான் நடக்கும் என்பது போலப் பார்த்தோம்.
ஆனாலும் என் கண்
பந்தை விட்டுவிட்டு முன்னமே போய்
எல்லைக் கயிற்றடியில் காத்து நின்றது.

முகாமில் எடுத்த படம் ஒன்று வீட்டில் கிடக்கிறது.
நெஞ்சுக்கு நேரே சிலேட்டு, சோக்கட்டியால் எழுதிய எண்.
இன்னும் உயர்த்து என்று கையால் காட்டினான் படமெடுத்தவன்,
எண் தெளிவாக விழவேண்டுமாம்.
சிலேட்டின் விளிம்பு என் நாடியைத் தின்றிருக்கிறது.
மனைவி அதை எடுத்தால்
"அப்ப உங்களுக்கு மீசை வரேல்லை" என்பாள்.
எண் அவள் கண்ணில் பட்டதாகவே தெரியாது.
எனக்கு, இந்தச் சவரக் கதிரையிலும்,
ஆறு இலக்கமும் பாடம்.

இரண்டு பந்து, ஐந்து ஓட்டம்.
ஐந்து என்று வாங்குதான் சொல்லியது,
கண்ணாடி ஐந்தை ஏதோ கொக்கியாக்கி வைத்திருந்தது.
அவன் ஓடி வருகிறான்,
கை உயர்கிறது,
கரண்ட் போயிற்று.

விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.
கண்ணாடியில் இப்போது நானும் என் பாதித் தலையும்,
அதற்குப் பின்னால் போன் வெளிச்சத்தில்
டிலக்சனின் முகமும்.
அவனுக்கு அப்போதே தெரியும்.
மூடச் சொன்ன வாயை மூடியபடி இருந்திருக்கிறான்.

"எத்தினை?" என்றார் கொண்டக்டர்.
"ஆறு. முடிஞ்சுது."
அவருக்குக் கணக்கு நேர். பேப்பரை மடித்தார்.

செல்வகாந்தனுக்கு அது காணாது.
"எந்தப் பக்கம் அடிச்சவன்?"
"ஆறு எண்டுதான் கிடக்கு."
"எந்தப் பக்கமடா?"
டிலக்சன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான்.
அடித்தவனின் சராசரி வந்தது,
இந்த மைதானத்தில் இதுவரை விழுந்த ஆறுகளின் தொகை வந்தது,
எட்டு வீதம் நூறாகி நின்றது.
பக்கம் மட்டும் வரவில்லை.

செல்வகாந்தன் சீப்பை இரண்டு கையாலும் பிடித்தார்.
என் கதிரைக்குப் பின்னால் காலைத் தள்ளி வைத்து
லெக் பக்கம் தூக்கி ஒரு வீச்சு.
"இப்பிடித்தான் அடிச்சிருப்பான்.
அவன் நிண்ட நிலை அப்பிடி."
வாங்கில் ஒருவர் இல்லை என்றார், நேரே என்றார்.
சண்டை தொடங்கியது.

கண்ணாடியில் அது மற்றப் பக்கம் போனதை
நான் சொல்லவில்லை.
என் தலை இன்னும் அரைவாசி,
கத்தரிக்கோல் அவர் கையில்.